அமியோடரோன் மாத்திரை வீட்ல யாராவது சாப்பிட்டிருக்கீங்களா? அம்மா எடுத்துக்கவே பயப்படுறாங்க

தாராவி மக:

எல்லாருக்கும் வணக்கம். எங்கம்மாவுக்கு 67 வயசு, சுகர் இருக்கு, பிரஷரும் இருக்கு. போன மாசம் ராத்திரி தூக்கத்துல இருந்து எந்திரிச்சு உக்காந்துட்டு நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு சொன்னாங்க, மூச்சு வாங்குது, வேர்த்து ஊத்துது, வெளிய பேய் மழை, 90 அடி ரோட்டுல ஒரு டாக்ஸியும் நிக்கல, கடைசில பக்கத்து வீட்டு அண்ணன் தன் டெம்போவுல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. இசிஜி எடுத்துட்டு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்துடிப்பு தாளம் தப்பிப் போற நோய்னு சொன்னாங்க, துடிப்பு 150க்கு மேல தாறுமாறா ஓடிட்டு இருந்துச்சாம். ஐசியூல வச்சு டிரிப்ல மருந்து ஏத்துனாங்க, மறுநாளே சீராயிருச்சு.

வீட்டுக்கு அனுப்பும்போது துடிப்பைச் சீரா வைக்குற அமியோடரோன் 200 மில்லிகிராம் முதல் வாரம் மூணு வேளை, அடுத்த வாரம் ரெண்டு வேளை, அப்புறம் ஒரு வேளைன்னு எழுதிருக்காங்க, கூட அபிக்ஸாபான் 5 காலைல ராத்திரி, மெட்டோப்ரொலால் 25 ஒண்ணு, சுகர் மாத்திரை, கொழுப்பு மாத்திரை எல்லாம் பழசு. பிரச்சினை என்னன்னா மாடி வீட்டுப் பையன் இந்த அமியோடரோன் பத்தி போன்ல தேடி எங்கம்மா முன்னாடியே சத்தமா வாசிச்சுட்டான், நுரையீரல் கெடும், தைராய்டு கெடும், கண்ணுல படியும், தோல் நீலமாகும்னு. அதுல இருந்து அம்மா மாத்திரைய கையில வாங்கிட்டு என் முகத்தையே பாக்குறாங்க. நேத்து தலையணைக்கு அடியில ரெண்டு மாத்திரை கெடந்துச்சு. வாய்ல கசப்பா இரும்பு மாதிரி ஒரு ருசி, சோறு எறங்கலன்னும் சொல்லுறாங்க.

டாக்டர் நல்லவர்தான் ஆனா ஓபிடில அவ்வளவு கூட்டம், நம்ம கேஸ் பேப்பர் மேல போறதுக்குள்ள அடுத்த ஆள் உள்ள வந்துடுறாங்க. அதனாலதான் உங்ககிட்ட கேக்குறேன். நெஜமாவே சாப்பிட்டவங்க வீட்ல என்ன ஆச்சு, எதைக் கவனிக்கணும், எத்தனை நாள் சாப்பிடணும், நிறுத்துனா என்ன ஆகும். தயவுசெஞ்சு அனுபவத்த சொல்லுங்க.

செம்பூர் வாசி:

எங்கப்பாவுக்கு இப்போ 79. இதே மாத்திரையை அஞ்சு வருஷத்துக்கு மேல எடுத்துண்டிருக்கார், அதனால நடந்ததை நடந்தபடி எழுதறேன்.

முதல்ல அந்த வாய்க்கசப்பு. லோடிங்னு சொல்வா, ஆரம்பத்துல டோஸ் ஜாஸ்தியா இருக்கும்போது அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது, குமட்டல், மலச்சிக்கல் எல்லாம் உண்டு. சாப்பிட்டு முடிச்ச கையோட மாத்திரையை போட்டுக்கச் சொன்னா, ஒரு வேளைக்கு வந்தப்புறம் அது தானா குறைஞ்சுடுத்து.

தைராய்டு விஷயம் நிஜம். இந்த 200 மில்லிகிராம் மாத்திரைக்குள்ள சுமார் 75 மில்லிகிராம் அயோடின் இருக்கு, ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியதே 150 மைக்ரோகிராம்தான், அப்போ தைராய்டு சுரப்பி தடுமாறாம எப்படி இருக்கும். அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னா, மே மாசம், செம்பூர்ல புழுக்கம் தாங்காம நாங்கள்லாம் விசிறிண்டு உக்காந்திருக்கோம், அவர் ஃபேனை நிறுத்து நிறுத்துன்னு சால்வையை இழுத்து போத்திக்கறார். பேச்சு மெதுவாயிடுத்து, பேப்பர் படிச்சிண்டே தூங்கிடுவார். வயசாயிடுத்து அதான்னு எல்லாரும் சொன்னா. டெஸ்ட் பண்ணினா டிஎஸ்ஹெச் 18, தைராய்டு சுரப்பு குறைஞ்சா ஏர்ற அளவு அது. அமியோடரோனை நிறுத்தல, கூட தைராக்ஸின் சேர்த்தார் டாக்டர், கொஞ்ச நாள்லயே பழைய அப்பாவா ஆயிட்டார்.

அடுத்தது கை நடுக்கம். பாங்க்ல செக் திரும்பி வந்தது, கையெழுத்து பொருந்தலைன்னு. நாப்பது வருஷமா ஒரே மாதிரி போட்ட கையெழுத்து, கடைசி எழுத்து மட்டும் கோடு கோடா இழுத்திண்டு போறது. அதை அப்படியே டாக்டர்கிட்ட கொண்டுபோய் காட்டினேன், 200லேர்ந்து 100 ஆக்கினார், நடுக்கம் பாதிக்கு மேல அடங்கிடுத்து. டோஸைப் பொறுத்து வர்றதாம் இது. ஆனா குறைச்ச மறுநாளே எதுவும் மாறாது, இந்த மருந்து உடம்புக்குள்ள கொழுப்புல போய் சேர்ந்துண்டு பாதி வெளிய போறதுக்கே சராசரியா ரெண்டு மாசம் கிட்ட ஆகும். அதனால பக்கவிளைவும் மெதுவாத்தான் விலகும், நிறுத்தினா பலனும் மெதுவாத்தான் போகும்.

கண்ணுல படியறது கிட்டத்தட்ட எல்லாருக்கும் உண்டாம், ராத்திரி ஸ்டேஷன் லைட்டைச் சுத்தி வளையம் தெரியறதுன்னு அப்பா சொல்வார், பார்வை நன்னாத்தான் இருக்கு, வருஷம் ஒரு தடவை கண் டாக்டர். ஆனா திடீர்னு பார்வை மங்கினா மட்டும் காத்திருக்கக் கூடாதுன்னு சொல்லிருக்கா. வெயில்ல போனா முழுக்கை சட்டை, தொப்பி. காலைல வாக்கிங் 7 மணிக்குள்ள முடிச்சுடுவார். தோல் நீலம்லாம் எங்கப்பாவுக்கு வரல.

இவ்வளவு சொன்னாலும் ஒண்ணு. இது ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மாசா மாசம் ஆஸ்பத்திரில படுத்துண்டிருந்தார். அதுக்கப்புறம் ஒரு தடவை கூட படபடப்புன்னு அட்மிட் ஆகல. பேத்தி கல்யாணத்துக்கு மணமேடைல உக்காந்து ஆசீர்வாதம் பண்ணினார், எங்களுக்கு அது போதும்.

முலுண்ட் செக்நாகா:

மேல நல்ல அனுபவம் சொல்லிருக்காங்க, சந்தோஷம். ஆனா எங்க வீட்ல நடந்ததையும் சொல்லியே ஆகணும், பயமுறுத்த இல்ல, கவனிக்காம விட்டா என்ன ஆகும்னு தெரியணும்.

என் மாமனாருக்கு இதே மாத்திரை, ரெண்டு வேளைன்னு எழுதுனது ஒரு வேளையா குறையவே இல்ல, யாரும் கேக்கவும் இல்ல, ஊருக்கும் மும்பைக்குமா மாறி மாறி இருந்ததால ஒரே டாக்டர் தொடர்ந்து பாக்கல, மெடிக்கல்ல பழைய சீட்டைக் காட்டி ஸ்ட்ரிப் ஸ்ட்ரிப்பா வாங்கிட்டே இருந்தாரு. அப்புறம் வறட்டு இருமல் வந்துச்சு. மழைக்காலம், வீட்ல எல்லாருக்கும் இருமல், இவருக்கும் சிரப்பு வாங்கிக் குடுத்தோம். எங்களுக்கு அடங்கிருச்சு, இவருக்கு அடங்கல. முலுண்ட் ஸ்டேஷன் பாலம் ஒரே மூச்சுல ஏறுற மனுஷன், பாதி படில கம்பியப் புடிச்சுட்டு நிக்க ஆரம்பிச்சாரு. ஒரு டாக்டர் சளின்னு சொன்னாரு, இன்னொருத்தர் நிமோனியான்னு ஆண்டிபயாடிக் குடுத்தாரு. கடைசில மூணாவதா போன டாக்டர்தான் மருந்து பையக் கவுத்துப் போட்டு ஒவ்வொரு ஸ்ட்ரிப்பா பாத்தாரு, அமியோடரோன் எவ்வளவு நாளா சாப்பிடுறாருன்னு கேட்டு உடனே சிடி ஸ்கேன் எழுதுனாரு. ரெண்டு பக்கமும் நுரையீரல்ல பாதிப்பு. மாத்திரைய நிறுத்தி ஸ்டீராய்டு குடுத்து பல மாசம் ஆச்சு தேற. இப்ப நடக்குறாரு, ஆனா பழைய மூச்சு வரல.

அதனால தங்கச்சி, உங்கம்மாவுக்கு ஆரம்பத்துலயே ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து பத்திரமா வச்சுக்கோங்க. பின்னாடி சந்தேகம் வந்தா ஒப்பிட்டுப் பாக்க அது வேணும். வறட்டு இருமல், மூச்சு வாங்குறது, காரணம் இல்லாம காய்ச்சல், எதுன்னாலும் எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல் வார்த்தையே "அமியோடரோன் சாப்பிடுறாங்க"ன்னு சொல்லுங்க.

தாராவி மக:

அண்ணா உங்க பதிவப் படிச்சதும் மனசு கெடந்து அடிச்சுக்குது. எக்ஸ்ரே ஆஸ்பத்திரில எடுத்தது இருக்கு, ஃபைல்ல வச்சிருக்கேன். ஆனா இப்ப எனக்கே சந்தேகம் வருது, இவ்வளவு இருக்குற மாத்திரைய எதுக்குக் குடுக்கணும், வேற லேசானது இல்லையா? அம்மா சொல்லுற மாதிரி மொத்தமா எல்லாத்தையும் நிறுத்திட்டு ஆஸ்பிரின் மட்டும் சாப்பிட்டா போதாதா, எங்க சித்தப்பா அதத்தான் பல வருஷமா சாப்பிடுறாங்க.

ரிட்டயர்டு சிஸ்டர்:

நான் இருதய வார்டுல ரொம்ப வருஷம் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ, டாக்டர் இல்ல, உங்கம்மாவ பாத்த டாக்டர் சொல்றதுதான் கடைசி. ஆனா இந்த ஆஸ்பிரின் பேச்சைக் கேட்டதும் எழுதாம இருக்க முடியல.

அம்மாவுக்கு எழுதிருக்கற மூணு மாத்திரையும் மூணு வேலை செய்யுது, அதை முதல்ல பிரிச்சுப் புரிஞ்சுக்கோங்க. மெட்டோப்ரொலால் வேகத்தைக் குறைக்குது. அமியோடரோன் தாளத்தைப் பிடிச்சு வைக்குது. அபிக்ஸாபான் ரத்தம் உறையாம பாத்துக்குது. இதுல ஒரு வேளை கூட விடக்கூடாததுன்னு கேட்டா நான் அபிக்ஸாபானைத்தான் சொல்வேன். இதயத்தோட மேல் அறை ஒழுங்கா சுருங்காம நடுங்கிக்கிட்டே இருக்கறப்ப அதோட ஓரத்துல காது மடல் மாதிரி ஒரு சின்னப் பை இருக்கு, அங்க ரத்தம் தேங்கி கட்டியாகும், அது கிளம்பி மூளைக்குப் போச்சுன்னா பக்கவாதம். இந்த நோய் இருக்கறவங்களுக்கு பக்கவாத அபாயம் மத்தவங்களைவிட கிட்டத்தட்ட 5 மடங்கு. வார்டுல நான் பாத்ததுல மனசை ரொம்ப உடைச்சது, துடிப்பு சீராயிருச்சுன்னு மாத்திரைய தானே நிறுத்திட்டு வாய் கோணி பேச்சு போய் வந்தவங்கதான். துடிப்பு சீரான மாதிரி தெரிஞ்சாலும் தெரியாமலே வந்து வந்து போகும்.

யாருக்குப் பக்கவாத அபாயம் ஜாஸ்தின்னு பாக்க ஒரு மதிப்பெண் கணக்கு இருக்கு. 65 வயசு தாண்டினா 1, சுகர் 1, பிரஷர் 1, அங்கயே 3 ஆச்சு. பொம்பளைன்னா இன்னொன்னு சேர்க்கற வழக்கம் இருந்துச்சு, 2024ல ஐரோப்பிய இதய டாக்டர்கள் சங்கம் அதை எடுத்துட்டாங்க. எப்படிக் கூட்டினாலும் உங்கம்மாவுக்கு ரத்தம் உறையாத மாத்திரை வேணும். ஆஸ்பிரின் இதுக்குப் பத்தாது. வார்ஃபரின்ங்கற பழைய ரத்தம் உறையாத மாத்திரை எடுக்க முடியாதவங்களுக்கு ஆஸ்பிரினையும் அபிக்ஸாபானையும் ஒப்பிட்டு அவெரோஸ்னு ஒரு ஆராய்ச்சி 2011ல வந்துச்சு, அபிக்ஸாபான் எடுத்தவங்களுக்கு பக்கவாதம் பாதிக்கும் கீழ குறைஞ்சது, பெரிய ரத்தக்கசிவு ஏறக்குறைய ஒரே அளவுதான். சித்தப்பா எதுக்காக ஆஸ்பிரின் சாப்பிடறார்னு கேளுங்க, இதய ரத்தக்குழாய் அடைப்புக்காக இருக்கும், அது வேற வியாதி.

இப்ப அமியோடரோன். ஏன் இதையே குடுக்கறாங்கன்னா, இதயம் பலவீனமா இருந்தாலோ அடைப்பு இருந்தாலோ தாளத்துக்கான மத்த மாத்திரை சிலது ஆபத்தாயிடும். ஃப்ளெகெய்னைடுன்னு ஒண்ணு, மாரடைப்பு வந்தவங்களுக்குக் குடுத்துப் பாத்தப்ப சாவு அதிகமாச்சுன்னு 1989ல காஸ்ட் ஆராய்ச்சில தெரிஞ்சது. அதுக்கப்புறம் டாக்டர்கள் ரொம்ப யோசிச்சுத்தான் குடுப்பாங்க. அமியோடரோன் அந்த விஷயத்துல இதயத்துக்குப் பாதுகாப்பு, ஆனா மத்த உறுப்பைக் கண்காணிக்கணும். அதனால உங்க கேள்விய மாத்திக் கேளுங்க. டாக்டர்கிட்ட போயி, இது கொஞ்ச மாசத்துக்கா இல்ல நீண்ட நாளைக்கா, தாளத்தைப் பிடிக்கறது கட்டாயமா இல்ல வேகத்தை மட்டும் கட்டுப்படுத்தினா போதுமான்னு கேளுங்க. 2002ல அஃபர்ம்னு 4060 பேரை வச்சு ஒரு ஆராய்ச்சி, வேகக் கட்டுப்பாடும் தாளக் கட்டுப்பாடும் உயிர் விஷயத்துல பெரிய வித்தியாசம் இல்லைன்னு சொல்லுச்சு. 2020ல ஈஸ்ட்னு ஒண்ணு வந்துச்சு, நோய் கண்டுபிடிச்சு ஒரு வருஷத்துக்குள்ள தாளத்தைப் பிடிச்சா நல்லதுன்னு காட்டுச்சு. அம்மாவுக்குப் புதுசா வந்தது, அதனால டாக்டர் அப்படி யோசிச்சிருக்கலாம்.

முலுண்ட் தம்பி சொன்னது சத்தியம், ஆனா அதுல டோஸ் அதிகம், யாரும் பாக்கல. டெஸ்ட் முக்கியம்: ஆரம்பத்துலயும் 6 மாசத்துக்கு ஒரு தடவையும் தைராய்டும் கல்லீரலும், வருஷத்துக்கு ஒரு எக்ஸ்ரே, கண்ணு, இசிஜி. கொழுப்பு மாத்திரை சிம்வாஸ்டாட்டினா இருந்தா சொல்லுங்க, அமியோடரோனோட 20 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது. கிரேப்ஃப்ரூட் ஜூஸ் வேண்டாம்.

அப்புறம் நாடி பாக்கக் கத்துக்கோங்க. கட்டைவிரல் வேண்டாம், நடு மூணு விரலை மணிக்கட்டுல கட்டைவிரல் பக்கமா வச்சு சுவர்க் கடிகாரத்தைப் பாத்து முழுசா 60 விநாடி எண்ணணும். 15 விநாடி எண்ணி நாலால பெருக்கறது இந்த நோய்ல தப்பாயிடும், ஏன்னா ஒரு 15 மாதிரி அடுத்த 15 இருக்காது. காலைல எந்திரிச்சு அஞ்சு நிமிஷம் உக்காந்தப்புறம் எண்ணி ஒரு நோட்டுல எழுதுங்க. 50க்கு கீழ போய் தலை சுத்துனா டாக்டருக்கு போன் பண்ணுங்க, மெட்டோப்ரொலாலும் அமியோடரோனும் சேர்ந்து சில பேருக்கு ரொம்ப இறக்கிடும். வாய் கோணினா, கை தொங்கினா, பேச்சு குழறினா டாக்டர் போனுக்குக் காத்திருக்காம நேரா ஆஸ்பத்திரி.

டோம்பிவிலி ஃபாஸ்ட்:

சிஸ்டர் சொன்னது எல்லாம் சேவ் பண்ணி வச்சுக்கிட்டேன். எனக்கு 41 வயசு, எனக்கு வந்து வந்து போற டைப். அமியோடரோன் வரைக்கும் போகல, மெட்டோப்ரொலால் மாதிரி வேகத்தைக் குறைக்கற பீட்டா பிளாக்கர் மட்டும். சின்ன மாத்திரைதானேன்னு எல்லாரும் நினைப்பாங்க ஆனா முதல் சில வாரம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும், காலைல 7:40 ஃபாஸ்ட் லோக்கல் ரயில் புடிக்க ஓடுவேன், கால் நகராது, மனசு ஓடுது உடம்பு பின்னாடி நிக்குது, ஏன்னா துடிப்பை ஏற விடாம மருந்து புடிச்சு வச்சிருக்கு. தாதர் பாலத்துல கூட்டம் தள்ளிட்டுப் போகும் நான் ஓரமா செவத்துல சாஞ்சு நிப்பேன். விரல் நுனில்லாம் ஜில்லுன்னு இருக்கும். ராத்திரி கனவு வேற, நெஜம் மாதிரி கலர் கலரா, பொண்டாட்டிய எழுப்பி கதை சொல்லிருக்கேன்.

டாக்டர்கிட்ட இதையெல்லாம் சொன்னதும் மெட்டோப்ரொலால்ல இருந்து பிசோப்ரொலால் குறைஞ்ச டோஸுக்கு மாத்துனாரு, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எடுக்கச் சொன்னாரு, இப்ப பரவால்ல. ஓடுறது விட்டுட்டேன், 7:52 ஸ்லோவுல உக்காந்து போறேன். மெட்டோப்ரொலால் எக்ஸ்எல்னு ஸ்ட்ரிப்ல போட்டிருந்தா கடிச்சுச் சாப்பிடக் கூடாது, அது நாள் முழுக்க மெதுவா கரையறதுக்குன்னே செஞ்சது, உங்கம்மா மாத்திரைய பொடி பண்ணிக் கேட்டா குடுத்துடாதீங்க. இன்னொண்ணு, பீட்டா பிளாக்கரை ஒரே நாள்ல டக்குனு நிறுத்துனா துடிப்பு திருப்பி எகிறும். ஆஸ்துமா இருந்தா முதல்லயே சொல்லணும். எனக்கு குடி விட்டதும் தூக்கத்துல குறட்டைக்கு மெஷின் போட்டதும் மாத்திரை அளவுக்கு உதவுச்சு, இத யாரும் முதல்ல சொல்லல.

மாட்டுங்கா கீரைக்கட்டு:

நான் நோயாளியாவே எழுதறேன். சின்ன வயசுல மூட்டு வலி காய்ச்சல் வந்து இதய வால்வு சுருங்கிருச்சு, பலூன் வச்சு திறந்துவிட்டாங்க, ஆனா துடிப்பு தாறுமாறாவே நின்னுடுச்சு. எனக்கு இந்தப் புது மாத்திரை கெடையாது, வார்ஃபரின் வகைல ரத்தம் உறையாம பாக்கற அசிட்ரோம்தான். அபிக்ஸாபான் மாதிரி ஏதாவது குடுங்களேன், மாசா மாசம் ஊசி குத்தி ஐஎன்ஆர், அதான் ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுங்கற டெஸ்ட், பாக்க முடியலன்னு கேட்டேன். உங்க மாதிரி வால்வு சுருங்கினவங்களுக்கு பழைய மருந்துதான் நல்லது, 2022ல இன்விக்டஸ்னு ஒரு ஆராய்ச்சில அது தெளிவாவே தெரிஞ்சுதுன்னு டாக்டர் பொறுமையா சொன்னார். அதனால இங்க படிக்கற யாரும் பக்கத்து வீட்டுக்காரங்க மாத்திரையப் பாத்து எனக்கும் அதுன்னு மாத்திடாதீங்க. இரும்பு வால்வு வச்சவங்களுக்கும் அப்படித்தான்.

அசிட்ரோம் எடுக்கறவங்க கீரையே சாப்பிடக் கூடாதுன்னு சொல்றது சரியில்ல. நான் மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் பக்கத்துல இருக்கேன், முருங்கைக்கீரையும் அரைக்கீரையும் இல்லாம எனக்கு சாப்பாடு இல்ல. ஒரே அளவா, வாரா வாரம் ஒரே மாதிரி சாப்பிட்டு அதுக்கேத்த டோஸை டாக்டர் பாத்து வச்சிருக்கார். ஒரு வாரம் கட்டுக் கட்டா தின்னுட்டு அடுத்த வாரம் தொடாம இருந்தாத்தான் ஐஎன்ஆர் ஆடும். எனக்கு 2லேர்ந்து 3க்குள்ள இருக்கணும். துடிப்பைக் குறைக்கற டிஜாக்ஸினும் உண்டு, திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும், சனி ஞாயிறு லீவு, காலண்டர்ல பென்சில்ல டிக் அடிச்சு வச்சிருப்பேன். வாந்தி, பசியின்மை, பாக்கறது மஞ்சளாத் தெரியறதுன்னா உடனே சொல்லணும்னு சொல்லிருக்காங்க, சிறுநீரகம் சரியா வேலை செய்யலன்னா அது உடம்புலயே தங்கிடும்.

அசிட்ரோமும் அமியோடரோனும் சேர்த்து எழுதினா கவனம். என் தங்கை வீட்டுக்காரருக்கு அப்படிச் சேர்த்தாங்க, கொஞ்ச வாரத்துல பல் தேய்க்கும்போது ஈறுல ரத்தம், கையில அடிபடாமயே ஊதாக் கலர்ல திட்டு. ஐஎன்ஆர் 6 தாண்டிருச்சு. அசிட்ரோமைக் குறைச்சப்புறம்தான் சரியாச்சு. அமியோடரோன் மெதுவா ஏறுற மருந்து, அதனால ஆரம்பத்துல வாரா வாரம் ரத்தம் பாக்கணும். அப்புறம் முட்டி வலி பல் வலின்னு காம்பிஃப்ளாம், டைக்ளோஃபெனாக் எல்லாம் ரத்தம் உறையாத மாத்திரை எடுக்கற நம்ம ஆளுங்க யாருக்கும் ஆகாது, ரத்தம் கசியும். கேட்டுட்டு எடுங்க.

மீரா ரோடு மகள்:

எங்க அத்தாவுக்கு உங்கம்மாவுக்கு இருக்கற அதே நோய், அதே அபிக்ஸாபான். எங்க பிரச்சினை நோன்பு. ரெண்டு வேளை மாத்திரை, சஹர்ல ஒண்ணு இஃப்தார்ல ஒண்ணுன்னு போட்டா நடுவுல 12 மணி நேரத்துக்கு மேல போகுது, அத்தா ஒரு நோன்பையும் விட மாட்டாங்க. ரமலானுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே டாக்டர்கிட்ட போனோம், சிறுநீரகத்துக்கு கிரியேட்டினின் பாத்துட்டு, ரத்தம் உறையாம பாக்கற இன்னொரு மாத்திரை, ரிவரோக்ஸபான் 20, ஒரே வேளை ராத்திரி சாப்பாட்டோடன்னு மாத்திக் குடுத்தாங்க. வயித்துல சாப்பாடு இல்லாம அத எடுத்தா உடம்புல சரியா சேராதாம், அதனால பேரீச்சம்பழத்தோட போடாம இஃப்தார் முடிச்சு தொழுதுட்டு நல்லா சாப்பிட்டு அப்புறம் எடுக்கறாங்க. அத்தாவோட ஜமாஅத்துல அபிக்ஸாபான் சாப்பிடற ரெண்டு பெரியவங்க நோன்பு மாசம் முழுக்க பகல் மாத்திரையவே விட்டுட்டு இருந்தாங்க, அத்தாதான் அவங்கள டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. விரதம் இருக்கற வீடு எதுவா இருந்தாலும் முன்னாடியே கேளுங்க.

விலை பத்தி யாரும் சொல்லல. இந்த மாத்திரையெல்லாம் ஜெனரிக் வந்தப்புறம் நல்லா எறங்கிருக்கு, கடைக்குக் கடை வித்தியாசமும் நெறைய இருக்கு, டாக்டர்கிட்ட மருந்து பேரையே எழுதச் சொல்லி வாங்கி நாலு இடத்துல விசாரிங்க. கம்பெனி மாறினா ஸ்ட்ரிப் கலர் மாறும், அத்தா ரெண்டையும் வேற வேற மாத்திரைன்னு நெனச்சு சேத்து சாப்பிடக் கூடாதேன்னு நான் பழைய ஸ்ட்ரிப்பை வீட்ல வைக்கவே மாட்டேன்.

ஆண்டாப் ஹில் அண்ணாச்சி:

மருதம்பட்டை கஷாயம் குடிக்கச் சொல்லுங்கம்மா. எங்க ஊர்ப்பக்கம் நெஞ்சு நோவுக்கு அதான். மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும், இதுவும் ஒரு பக்கம் இருக்கட்டும்.

ரிட்டயர்டு சிஸ்டர்:

அண்ணாச்சி, உங்க அக்கறை புரியுது, எங்க அம்மாவும் மருதம்பட்டை போட்டு வச்சவங்கதான். ஆனா இந்தம்மா ரத்தம் உறையாத மாத்திரையும் துடிப்பைக் குறைக்கற ரெண்டு மாத்திரையும் சாப்பிடறாங்க. டாக்டருக்குத் தெரியாம கூட ஒண்ணு சேர்ந்தா, நாளைக்கு நாடி இறங்கினாலோ ரத்தம் கசிஞ்சாலோ எதனாலன்னு கண்டுபிடிக்க முடியாது. டாக்டர்கிட்ட சொல்லி அவர் சரின்னா குடிக்கட்டும்.

தாராவி மக:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. சிஸ்டர் சொன்ன மாதிரி கேள்விய ஒரு தாள்ல எழுதிக் கொண்டு போனேன். டாக்டர் தாளை வாங்கிப் படிச்சுட்டு உக்காருங்கன்னாரு. அம்மாவுக்கு இதயம் சுருங்குற பலம் கொஞ்சம் கம்மியா இருந்துச்சாம் எக்கோங்குற இதய ஸ்கேன்ல, படபடப்பு ரொம்ப நேரம் ஓடுனதாலயும் அப்படி ஆகலாம், அதனாலதான் அமியோடரோன், இப்போதைக்கு 3 மாசம், திருப்பி எக்கோ பாத்துட்டு பலம் வந்திருந்தா நிறுத்திட்டு, தாளத்தைக் கெடுக்குற இடத்தைச் சுட்டு அடக்குற அப்லேஷன் பத்திப் பேசலாம்னு சொன்னாரு. அபிக்ஸாபான் மட்டும் நிக்காது. தைராய்டு, கல்லீரல் டெஸ்ட் அன்னைக்கே எழுதிக் குடுத்தாரு, கொழுப்பு மாத்திரை வேறதான், பிரச்சினை இல்ல. 3 மாசம்னு டாக்டர் வாயால கேட்டதுமே அம்மா முகம் மாறிருச்சு. எதுக்குன்னு தெரியாம காலம் பூரா சாப்பிடணுமோன்னுதான் பயந்துருக்காங்க. இப்ப சாப்பிட்ட தட்ட கழுவுறதுக்கு முன்னாடி மாத்திரைய போட்டுக்கிடுறாங்க, நாடி நானும் தம்பியும் மாத்தி மாத்தி எண்ணுறோம், நேத்து 64.

கடைசியா ஒரு கேள்வி. ஊர்ல கோயில் கொடைத் திருவிழா, அம்மாவ நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போகணும், டாக்டர் போகலாம்னுட்டாரு. வழியில என்ன கவனிக்கணும்?

ரிட்டயர்டு சிஸ்டர்:

நல்ல சேதி. மாத்திரையப் பெட்டிக்குள்ள வைக்காம உங்க கைப்பையில வைங்க, சீட்டுக்கு அடியில பெட்டி தொலைஞ்சாலும் மாத்திரை இருக்கும். திரும்பி வர்ற தேதிக்கு மேல ஒரு வாரத்துக்கு சேர்த்து வாங்கிக்கோங்க, ஊர்ல அதே டோஸ் கெடைக்கும்னு நம்பிப் போகாதீங்க. டிஸ்சார்ஜ் கார்டு, கடைசி இசிஜி, மருந்து சீட்டு மூணையும் போட்டோ எடுத்து உங்க போன்லயும் தம்பி போன்லயும் வைங்க. அபிக்ஸாபான் ராத்திரி வேளைக்கு அலாரம் வைங்க, ரயில்ல தூங்கிட்டு மறந்தா அன்னைக்கே ஞாபகம் வந்ததும் ஒண்ணு குடுங்க, மறுநாள் ரெண்டா சேர்த்துக் குடுக்காதீங்க. தண்ணி நல்லா குடிக்கட்டும், ரயில் கழிவறைக்கு பயந்து பொம்பளைங்க தண்ணி குடிக்காம வர்றது வழக்கம், அது துடிப்புக்கும் ஆகாது சிறுநீரகத்துக்கும் ஆகாது. கொடையில மத்தியான வெயில்ல நிக்க வேண்டாம், குடையும் முழுக்கை ரவிக்கையும். ஊர்ல யாராவது மூட்டு வலிக்கு ஊசி போட்டுக்கலாம் வான்னு கூப்பிட்டா, ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடறேன்னு அம்மாவே சொல்ற மாதிரி இப்பவே சொல்லிக் குடுத்துடுங்க.